கார் ஃப்ரிட்ஜ்: 40 லிட்டர் கம்ப்ரசரா, ஐஸ் பெட்டியா? (மே மாதம், மதுரை – ஹம்பி – கோகர்ணா)

#1 பயணச்சீட்டு

மே முதல் வாரம், ஏழு நாள். மதுரையிலிருந்து ஹம்பி, பாதாமி, கோகர்ணா. அதில் மூன்று இரவு கூடாரம். பெரியவர்கள் மூன்று பேர், ஆறு வயதுப் பிள்ளை ஒன்று. வண்டி டீசல் எஸ்யூவி, பிஎஸ்6, பேட்டரி 65 ஏஎச் (ஆம்பியர்-மணி). டிக்கியில் 12 வோல்ட் சாக்கெட் உண்டு, சாவியை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும்.

உள்ளே வைக்க வேண்டியவை: பால், தயிர், தோசை மாவு, காய்கறி, குடிதண்ணீர், அம்மாவின் இன்சுலின்.

ஆன்லைனில் பார்த்தால் எல்லாப் பெட்டியிலும் "12 வோல்ட், 45 வாட்" என்றுதான் போட்டிருக்கிறது. விலை மட்டும் மூன்று மடங்கு ஏறி இறங்குகிறது. இந்த வித்தியாசம் எதற்கு? எத்தனை லிட்டர் வாங்கலாம்?

#2 குளிர்டாக்டர்

வித்தியாசம் உள்ளே இருக்கும் இயந்திரத்தில். மலிவானது பெல்டியர் சில்லு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்), விலை கூடியது கம்ப்ரசர்.

இரண்டும் 45 வாட் இழுக்கலாம். ஆனால் பெல்டியர் ஒரு வாட் மின்சாரத்தைத் தின்றுவிட்டு அரை வாட் வெப்பத்தைக்கூட வெளியே தள்ளாது. சின்ன டிசி கம்ப்ரசர் சுமார் ஒன்றேகால் வாட் தள்ளும். அதோடு, கம்ப்ரசர் கேட்ட குளிர் வந்ததும் நின்றுவிடும். பெரும்பாலான பெல்டியர் பெட்டிகளில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. பகலும் இரவும் 4 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து மணி நேரத்தில் 40 ஏஎச். உங்கள் 65 ஏஎச் பேட்டரி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

இன்னொன்று, பெல்டியருக்குத் தனக்கென்று ஒரு வெப்பநிலை இல்லை. வெளியே உள்ளதைவிட 15 முதல் 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். ஹம்பியில் மே மாதம் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20க்கு மேல்தான். பால் திரிந்துவிடும், மாவு பொங்கி வழியும், இன்சுலினைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நாலு மணி நேரம் குளிர்ச்சியாக வைக்க மட்டும் அது போதும்.

விளம்பரத்தில் எது எது என்று சொல்ல மாட்டார்கள். கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: சூடு/குளிர் என்று இரண்டு பக்கம் போகும் ஸ்விட்ச் இருந்தால் அநேகமாகப் பெல்டியர். 20 லிட்டர் பெட்டி 5 கிலோவுக்குள் எடை இருந்தால் பெல்டியர். கம்ப்ரசர் வைத்தது 8 கிலோவுக்குக் குறையாது. மைனஸ் 18 வரை போகும் என்று டிகிரியில் எழுதியிருந்தால் கம்ப்ரசர். "வெளி வெப்பத்தைவிட 18 டிகிரி கீழே" என்று எழுதியிருந்தால் அதை நன்றாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

பின்பக்க லேபிளில் காலநிலை வகுப்பையும் பாருங்கள். 'என்' என்றால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38, 'டி' என்றால் 43. நமக்கு 'டி' வேண்டும்.

கேஸ் சிலிண்டரில் ஓடும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. மட்டமான தரையில் நிற்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். கேரவனுக்கு ஆகும். டிக்கிக்குள் அதைக் கேஸில் கொளுத்தவே கூடாது.

#3 பார்ஐஸ்

வருடத்துக்கு ஒரு வாரம் போகிற பயணத்துக்கு முப்பதாயிரத்தைத் தாண்டி ஒரு பெட்டி எதுக்குங்க? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை உள்ளே இழுத்துக்கும். ஒயர் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம், எர்ரர் கோடு வேண்டாம். 5 சென்டிமீட்டர் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் சுவர் இருக்கிற நல்ல பெட்டி வாங்குங்க, ஹைவே ஓரத்துல ஐஸ் கிடைக்காத ஊரே இல்லை.

தண்ணி பாட்டிலையே வீட்டு ஃப்ரீசர்ல உறைய வெச்சு எடுத்துட்டுப் போனா இன்னும் லாபம். லிட்டர் பாட்டில்ல 900 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க. உறையும்போது பத்துல ஒரு பங்கு கிட்ட பெருக்கும், மூடி பிதுங்கிடும். உருகினதும் அதுவே குடிதண்ணி.

#4 குளிர்டாக்டர்

பார்ஐஸ் ஜி, 93 சரி. மீதிக் கணக்கையும் போடுவோம். 40 லிட்டர் பெட்டி, வெளியே 35 டிகிரி, உள்ளே 5. சுவர் வழியும் மூடி திறக்கும்போதும் உள்ளே வருகிற வெப்பம் சராசரி 15 முதல் 22 வாட். ஒரு நாளைக்கு 360 முதல் 530 வாட்-மணி. அதாவது தினம் 4 முதல் 6 கிலோ ஐஸ். ஏழு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும், எப்போதும் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஐஸே அடைத்துக்கொள்ளும்.

வழியில் கிடைக்கும் பார் ஐஸ் பெரும்பாலும் மீனுக்கும் தொழிலுக்கும் ஆனது, குடிக்கும் தண்ணீரில் செய்ததாக இருக்காது. உருகிய நீர் தயிர் டப்பாவுக்குள் புகுந்தால் பயணமே வயிற்றோட்டமாகிவிடும்.

இரண்டு நாள் பயணம் என்றால் நானும் ஐஸ் பெட்டி பக்கம்தான். ஏழு நாள், இன்சுலின், மே மாதம் என்றால் இல்லை.

#5 பார்ஐஸ்

டப்பாவுக்கு ரப்பர் மூடி போட்டா தண்ணி எப்படிப் புகும்? ஆனா இன்சுலின் விஷயத்துல விட்டுக்கொடுக்கிறேன்.

#6 ஒயர்மேன்45

லிட்டரைப் பத்தி அப்புறம் பேசலாம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் "சரியா வேலை செய்யல"ன்னு வர்ற புகார்ல பாதிக்கு மேல ஃப்ரிட்ஜ் மேல தப்பே இருக்காது. தப்பு ஒயர்ல.

எப்படின்னு பாருங்க. எல்லா ஃப்ரிட்ஜ்லயும் பேட்டரி காப்புன்னு மூணு நிலை இருக்கும்: ஹை, மீடியம், லோ. கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். ஹை-ல 11.1ல இருந்து 11.8 வோல்ட்டுக்குள்ள எங்கயாவது கட் ஆகும், லோ-ல 10 வோல்ட் பக்கம் போயித்தான் கட் ஆகும். ஃப்ரிட்ஜ் அளக்கிறது பேட்டரியில இருக்கிற வோல்ட்டை இல்ல, தன்னோட பிளக்குக்கு வந்து சேர்ற வோல்ட்டை.

டிக்கி சாக்கெட்டுக்குக் கம்பெனியிலயே போட்டிருக்கிற ஒயர் ஒல்லி. 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயர்னு வெச்சுக்குங்க, பேட்டரியில இருந்து டிக்கிக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினா ஒயர்லயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் காணாமப் போகும். பேட்டரி 12.5ல நல்லா இருக்கும், ஃப்ரிட்ஜுக்கு 11.6 போய்ச் சேரும். ஹை-ல 11.8 வெச்சிருக்கிற ஃப்ரிட்ஜ் கட் ஆகிடும். கட் ஆனதும் லோடு இல்லாததால வோல்ட் ஏறும், மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி கட் ஆகும். திரையில ஈ1 இல்லன்னா எஃப்1னு எர்ரர் கோடு வரும்.

அப்ப ஆளுங்க என்ன செய்வாங்க? லோ-ல மாத்திடுவாங்க. ஃப்ரிட்ஜ் ஓடும், சந்தோஷம். காலையில செல்ஃப் அடிச்சா டக்குனு ஒரு சத்தம், அதோட சரி.

மருந்து ஒண்ணுதான்: பேட்டரியில இருந்து தனி ஒயர். அதே 10 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர்ல 0.37 வோல்ட் போகும், 4 ஸ்கொயர்ல கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைய, 6 ஸ்கொயர்ல 0.15. 4க்குக் கீழ போக வேண்டாம், 6 போட்டா நிம்மதி. பல இழை செம்பு ஒயர் வாங்குங்க. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விக்கிறாங்க. நுனியைக் கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். அதுல இழப்பு ஒன்றரை மடங்கு.

பாசிட்டிவ்ல 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. ஃப்ரிட்ஜ் பக்கம் ஃபியூஸ் போட்டா நடுவுல ஒயர் உரசித் தீப்பிடிச்சாக் காப்பாத்தாது. இன்ஜின் அறையில இருந்து உள்ள வர்ற ஓட்டையில ரப்பர் குரோமெட் (ஒயர் உரசாம காக்கிற வளையம்) கட்டாயம். டிக்கி முனையில 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (இறுக்கமா கவ்விக்கிற பெரிய பிளக்) மாட்டுங்க. சிகரெட் சாக்கெட் வெறும் ஸ்பிரிங் அழுத்தத்துல நிக்கிற சமாச்சாரம், குண்டுகுழியில லூசாகும், லூசானா சூடாகும். அரை மணி நேரம் ஓடினப்புறம் பிளக்கைத் தொட்டுப் பாருங்க; கை பொறுக்கலன்னா அங்கதான் வோல்ட் போகுது.

பிஎஸ்6 வண்டியில இன்னொரு நுணுக்கம். நெகட்டிவ் முனையில பேட்டரி சென்சார் உட்கார்ந்திருந்தா உங்க நெகட்டிவ் ஒயரை முனையில கட்டாதீங்க, பாடி எர்த் போல்ட்ல கட்டுங்க. முனையில கட்டினா ஃப்ரிட்ஜ் இழுக்கிற கரண்ட் சென்சார் கணக்குல வராது, பேட்டரி நிறைஞ்சிருக்குன்னு வண்டி தப்பா நினைச்சுக்கும்.

#7 பயணச்சீட்டு

ஒயர்மேன் அண்ணே, ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன்பே டிக்கி சாக்கெட் தாங்குமா என்று பார்க்க வழி உண்டா?

#8 ஒயர்மேன்45

உண்டு. 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒண்ணை சிகரெட் பிளக்ல கட்டி சாக்கெட்ல சொருகுங்க. நாலரை ஆம்பியர் இழுக்கும், ஃப்ரிட்ஜ் அளவுதான். பல்பு எரியும்போதே பேட்டரி முனையில ஒரு தடவை, பல்பு முனையில ஒரு தடவை மல்டிமீட்டர் வைங்க. வித்தியாசம் 0.4க்கு மேல இருந்தா அந்தச் சாக்கெட்டை போன் சார்ஜுக்கு விட்டுடுங்க. பல்பு சுடும், சீட் மேல வைக்காதீங்க.

#9 கொண்டைஊசி70

லிட்டர் கேள்விக்கு வருகிறேன். நாலு பேருக்கு 38 முதல் 45 லிட்டர். இதைவிடப் பெரியது வாங்கிக் காலியாக ஓட்டினால் மூடி திறக்கிறபோதெல்லாம் குளிர்ந்த காற்று போய்விடும், சூடான காற்று வந்து நிரம்பும். மேலே திறக்கும் பெட்டிதான் நல்லது. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும்.

லிட்டரைவிட உயரம் முக்கியம். 2 லிட்டர் பாட்டில் நிமிர்ந்து நிற்கிறதா, டிக்கியில் மூடியை முழுக்கத் திறக்க மேலே இடம் இருக்கிறதா, இந்த இரண்டையும் டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். இரட்டை அறை மாடல் இந்தப் பட்டியலுக்குத் தேவையில்லை. மைனஸ் 18ல் ஓட்டினால் மின்சாரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதில் வைக்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

40 லிட்டர் பெட்டி 15 கிலோ, உள்ளே சாமான் 20 கிலோ. அவசரமாக பிரேக் அடித்தால் பின்சீட் பிள்ளையின் தலைக்குப் பின்னால் 35 கிலோ பறந்து வரும். டிக்கித் தரையில் உள்ள கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டு இரண்டு திசையில் கட்டுங்கள். இழுவை ரப்பர் கயிறு உதவாது, நீண்டு கொடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் சரியாத கட்டுத்தான் கட்டு.

கம்ப்ரசர் பக்கத்து ஓட்டைகளுக்கு நாலு விரல் இடைவெளி. அதன்மேல் ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்டு "குளிரவில்லை" என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.

#10 குளிர்டாக்டர்

கொண்டைஊசி சொன்ன கடைசி வரியோடு இதையும் சேருங்கள்: எதையும் வீட்டிலேயே குளிரவைத்து ஏற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரை 35லிருந்து 5 டிகிரிக்கு இறக்க 35 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 12 பாட்டிலுக்கு 420. 45 வாட் கம்ப்ரசர் முழுநேரமும் ஓடினாலும் மணிக்கு 55 வாட்-மணி அளவுதான் வெளியேற்றும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியே ஒழுகி வருகிற வெப்பத்துக்கே போய்விடும். ஆக, வெதுவெதுப்பான 12 பாட்டிலைக் காலையில் அடுக்கினால் இரவு சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஜில்லென்று கிடைக்கும். அதுவரை பக்கத்தில் உள்ள பாலும் சூடாகிக்கொண்டிருக்கும்.

முந்தின இரவு 230 வோல்ட்டில் சொருகிப் பெட்டியை 3 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பால், தயிர், மாவு எல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து நேராக இதற்குள். லாட்ஜில் தங்கும் இரவுகளில் பெட்டியை அறைக்குத் தூக்கிப்போய்ச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். காரில் இன்வெர்ட்டர் வைத்து 12ஐ 230 ஆக்கி, அடாப்டரில் மறுபடி 12 ஆக்குவது வேண்டாத வேலை. நடுவில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது.

#11 பயணச்சீட்டு

கூடார இரவுகளில்? வண்டி பேட்டரியே போதுமா, பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) வாங்கவா?

#12 ஒயர்மேன்45

ராத்திரி மட்டும்னா வண்டி பேட்டரி தாங்கும். 28 டிகிரியில கம்ப்ரசர் மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடும், சராசரி 1.2 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 12 ஏஎச். பேட்டரிக்கு ரெண்டு வயசுக்குள்ள இருந்தா, ஹை-ல வெச்சுட்டுத் தூங்குங்க.

மாட்டிக்கிற இடம் பகல். ஹம்பியில வண்டியை வெயில்ல நிறுத்திட்டுக் கோயில் கோயிலா ஆறு மணி நேரம் சுத்துவீங்க. மூடின வண்டிக்குள்ள 55 டிகிரியைத் தொடும். எந்தக் காலநிலை வகுப்பும் அதுக்கு எழுதப்படல. கம்ப்ரசர் நிக்காம ஓடும், 3 ஆம்பியருக்கு மேல, ஆறு மணி நேரத்துக்கு 18 ஏஎச். ராத்திரியோட சேர்த்தா 30. ஸ்டார்ட்டர் பேட்டரியில பாதியைக் காலி பண்ணினா அதோட ஆயுசையும் சேர்த்துக் குறைக்கிறீங்க.

நிழல் தேடுங்க, கண்ணாடிக்கு மறைப்பு போடுங்க, ஜன்னலை ஒரு விரல் இறக்குங்க.

#13 குளிர்டாக்டர்

அந்த 30 ஏஎச் என்பது 360 வாட்-மணி. 500 வாட்-மணி பவர் ஸ்டேஷனில் கையில் கிடைப்பது சுமார் 425, அளவு பொருந்துகிறது. வண்டி ஓடும்போது அதை 12 வோல்ட்டில் சார்ஜ் செய்தால் 100 வாட் அளவு ஏறும். ஃப்ரிட்ஜும் கூடவே ஓடுவதால் அது முழுதாக நிறைவதற்கு ஆறு மணி நேரப் பயணம் வேண்டும். மதுரையிலிருந்து ஹம்பிக்கு அதைவிட நேரமாகும், பிரச்சினை இல்லை. வண்டியே நகராத நாளில் 100 வாட் சோலார் தகடு ஒன்று. நல்ல வெயிலில் நாளுக்கு 350 வாட்-மணி தரும். தகட்டை வெயிலில் போடுங்கள், வண்டி நிழலில் நிற்கட்டும். அதற்காக நீளமான ஒயர் உள்ள தகடாகப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஸ்டேஷனைப் பின்கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் இடத்தில் வைத்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், நீங்கள் ஃப்ரிட்ஜைத் திட்டுவீர்கள்.

தனியாக 100 ஏஎச் லித்தியம் பேட்டரி பொருத்த நினைத்தால் நடுவில் டிசி–டிசி சார்ஜர் (வண்டியின் வோல்ட் இறங்கினாலும் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டைத் தருவது) கட்டாயம். பிஎஸ்6 வண்டிகளின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்ட்டை அடிக்கடி இறக்கும், இரண்டு பேட்டரியையும் ரிலே ஸ்விட்ச்சால் நேராக இணைக்கும் பழைய முறையில் இரண்டாவது பேட்டரி நிறையவே நிறையாது. ஏழு நாள் பயணத்துக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கட்சி.

#14 மருந்துப்பை

இன்சுலின் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள். சூட்டைவிட இந்தப் பெட்டிகளில் ஆபத்து உறைவதில்தான். கம்ப்ரசர் ஓடும்போது உள்சுவர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். திரையில் 4 என்று காட்டினாலும் சுவரை ஒட்டி வைத்த பேனா உறையலாம். உறைந்தது உருகியபின் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. எறிந்துவிட வேண்டியதுதான்.

பெட்டியை 5ல் வையுங்கள். இன்சுலினை ஒரு சின்ன டப்பாவில் துணி சுற்றி, கூடையின் மேல்பகுதியில், சுவரைத் தொடாமல் நடுவில். பக்கத்தில் அதிகபட்சம்–குறைந்தபட்சம் பதியும் சின்ன வெப்பமானி ஒன்று. காலையில் அதைப் பார்க்க வேண்டும். திரை எண் சென்சார் இருக்கும் இடத்தின் எண் மட்டுமே.

பயன்பாட்டில் உள்ள பேனா ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியதில்லை. பல வகைகள் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை தாங்கும், வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள். மே மாதம் 30க்குக் கீழே என்பதுதான் கேள்வி. தண்ணீரில் நனைத்துக் குளிரவைக்கும் பை ஹம்பியின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், கோகர்ணாவின் கடற்காற்றில் பாதிகூடச் செய்யாது.

#15 பார்ஐஸ்

அப்ப ரெண்டு உறைஞ்ச தண்ணி பாட்டிலையும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போட்டுடுங்க. வெயில்ல கரண்ட் கட் ஆனாலும் நாலஞ்சு மணி நேரம் தாங்கும். எங்க கட்சியும் ஜெயிச்ச மாதிரி.

#16 மருந்துப்பை

நல்ல யோசனை. இன்சுலின் டப்பா அந்தப் பாட்டிலைத் தொடக் கூடாது.

#17 கொண்டைஊசி70

டெலிவரி ஆகி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? குளிர்டாக்டர் சொல்லட்டும்.

#18 குளிர்டாக்டர்

பெட்டி படுத்த வாக்கில் வந்திருக்கலாம். நிமிர்த்தி வைத்து ஐந்தாறு மணி நேரம் சும்மா விடுங்கள், எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பட்டும். பிறகு காலியாக ஓட்டினால் 30 டிகிரி அறையில் ஒரு மணி நேரத்துக்குள் பூஜ்யத்தைத் தொட வேண்டும். மூடிக்கு நடுவே பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், நாலு பக்கமும். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் (மூடி ஓர ரப்பர்) ஒட்டவில்லை.

செகாப் வகை கம்ப்ரசர் (2010க்கு முன் டான்ஃபாஸ் என்ற பெயரில் வந்தது) என்றால், எர்ரர் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே நோயைச் சொல்லும். ஒன்று: வோல்ட் குறைவு. இரண்டு: மின்விசிறி அதிகம் இழுக்கிறது. மூன்று: மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு: வேகம் எடுக்கவில்லை. ஐந்து: கட்டுப்பாட்டுப் பலகை சூடேறிவிட்டது. ஒன்றும் ஐந்தும் வந்தால் மெக்கானிக்கைத் தேடாதீர்கள், முன்னது ஒயர், பின்னது காற்றோட்டம்.

மூன்று வந்தால் பத்து நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். நின்ற உடனே ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் சமமாகியிருக்காது.

கார் ஏசி கடையில் குளிரூட்டும் கேஸ் நிரப்பும்போது கவனம். கார் ஏசிக்கு அரைக் கிலோ போகும், இதற்கு ஐம்பது கிராம் அளவுதான். லேபிளில் எழுதியிருக்கும் கிராமைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். கேஜ் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் கூடிப்போய் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. லேபிளில் ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு, அதில் ஆர்134ஏ ஏற்றவே கூடாது.

#19 பயணச்சீட்டு

பல்பு சோதனை முடிந்தது. பேட்டரியில் 12.5, டிக்கி சாக்கெட்டில் 11.7. டேப் வைத்து அளந்ததில் உயரம் 48 சென்டிமீட்டர் வரை போகலாம். 42 லிட்டர், ஒற்றை அறை, 'டி' வகுப்பு, 500 வாட்-மணி ஸ்டேஷன் என்று முடிவு.

#20 ஒயர்மேன்45

0.8 போகுது. அந்தச் சாக்கெட்டை நம்பாதீங்க. 6 ஸ்கொயர் இழுத்துடுங்க, ஸ்டேஷனை அதுல இருந்தே சார்ஜ் போடலாம், ஃப்ரிட்ஜை ஸ்டேஷன்ல சொருகுங்க. ஸ்டேஷன் 10 ஆம்பியருக்கு மேல இழுக்கிற மாடலா இருந்தா ஃபியூஸை 20 ஆக்கிக்குங்க.

#21 பார்ஐஸ்

மாவு டப்பாவைப் பாதிக்கு மேல நிரப்பாதீங்க. பெட்டி ஒரு தடவை கட் ஆனாலும் பொங்கும். மூடியை இறுக்கமாப் போட்டா டப்புனு திறந்துக்கும், அப்புறம் அம்பது செகாப் வந்தாலும் அந்த வாசனை போகாது.

#22 கொண்டைஊசி70

திரும்பி வந்ததும் துடைத்துவிட்டு, மூடிக்கு இடையில் ஒரு ஸ்பூனைச் சொருகித் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் ஒரு வாரத்தில் கேஸ்கெட்டில் பூசணம்.